கூர்முனை இல்லாத கத்தியாகப் பார்த்து வாங்குங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் மேற்பார்வை வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். விபத்து, வெள்ளம் என்று எங்கே கூப்பிட்டாலும் பையில் போட்டுக்கொண்டு ஓட ஒரு நல்ல மடக்குக் கத்தி வேண்டும். 200 வெள்ளி (ரிங்கிட்) வரை செலவழிக்கலாம். எந்தக் கம்பெனிக் கத்தியை வாங்குவது? சாலைச் சோதனையில் போலீஸ் பார்த்தால் சிக்கலா?" கேட்டது கம்பெனிப் பெயர்தான். ஆனால் கேள்வியை இரண்டு தடவை படித்தால் அவருடைய உண்மையான கவலை தெரிகிறது. பொம்பா (தீயணைப்புத் துறை) வண்டி வந்து சேருவதற்கு முன் உள்ள அந்தப் பத்து நிமிடத்தில் தன் கையில் என்ன இருக்க வேண்டும், அதை வைத்து யாருக்கும் கெடுதல் செய்துவிடாமல் இருப்பது எப்படி என்பதே அது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். கம்பெனிப் பெயர் கடைசியில் வரும்.

நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு ஆண்டுகள் டிரஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் முதலுதவி வகுப்பு எடுத்துவருகிறேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் உளி கிழித்த கை, செம்பனை மட்டை முள் ஏறிய கண், டிராக்டரிலிருந்து விழுந்த முதுகு என்று பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) முடிவதற்குள்ளாகவே ஆள் வந்துவிடும் இடம் அது. பெரிய சாலை தோட்டத்து ஓரமாகவே போனதால் சாலை விபத்துகளுக்கும் முதலில் ஓடியது நாங்கள்தான். ஆனால் நான் தீயணைப்பு வீரன் அல்லன். கார்க் கதவை விரித்துப் பிளக்கும் ஹைட்ராலிக் கருவியைத் தொட்டதுகூட இல்லை. வழக்கறிஞனும் அல்லன். ஆகவே அந்த முதல் பத்து நிமிடத்தைப் பற்றி மட்டும் நான் சொல்வதை நம்பலாம். அதற்கு மேற்பட்டதை உங்கள் குழுவின் பயிற்றுநரிடம் கேளுங்கள்.

முதலில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நல்ல மழை நாளில், கோலகங்சார் போகும் பழைய சாலையில் ஒரு காஞ்சில் கார் கால்வாயில் தலைகீழாகக் கிடந்தது. ஓட்டியவர் சீட் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். நினைவு இருந்தது; "அண்ணே, மூச்சு முட்டுது" என்றார். என்னிடம் நீளமான கூர்முனைக் கத்தி ஒன்று இருந்தது. பழம் நறுக்க வாங்கியது. கண்ணாடி உடைந்த ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, இடுப்பருகே பெல்ட்டுக்குக் கீழே கத்தியை நுழைத்து இழுத்தேன். பெல்ட் அறுந்தது. அந்தக் கணமே அவர் முழு எடையோடு தலைகுப்புறக் கூரைமேல் விழுந்தார். விழும்போது கத்தி முனை அவர் தொடையில் ஆழமாகக் கீறியது. கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது விபத்தாலா, நான் விழவிட்டதாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தொடையில் போட்ட ஐந்து தையலுக்கு மட்டும் சந்தேகமே கிடையாது; அந்தக் காயம் நான் கொடுத்தது. தையலைப் போட்டதும் நானேதான். தையல் போடும்போது அவர் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

கத்தி வாங்குவதற்கான பாடம் பாதிக்கு மேல் அந்த ஒரு சம்பவத்திலேயே இருக்கிறது. பெல்ட்டை அறுப்பது இரண்டு விநாடி வேலை. அறுந்ததும் ஆளைத் தாங்கப்போவது யார் என்பதை முன்பே முடிவு செய்ய வேண்டும். தோளையும் தலையையும் ஒருவர் பிடித்துக்கொள்ளாமல், தலைகீழாகத் தொங்குபவரின் பெல்ட்டில் கை வைக்கக் கூடாது. தீயோ, வெள்ளமோ, மூச்சுத் திணறலோ இல்லையென்றால் அறுக்க வேண்டிய அவசரமே பல நேரம் இருக்காது. பேச்சுக் கொடுத்துக்கொண்டு, கழுத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, 999க்குத் தகவல் சொல்லிவிட்டுக் காத்திருப்பதே சரியான உதவி. அடுத்த பாடம் கத்தியின் முனையைப் பற்றியது. மீட்பு வேலையில் கத்தி ஓடும் இடத்துக்கு அரை அங்குலத்துக்கு அப்பால் எப்போதும் உயிருள்ள தோல் இருக்கிறது. இருட்டு, மழை, பதற்றம். அடிபட்டவர் கையைக் காலை உதறுவார். அங்கே கூர்முனைக்கு ஒரு வேலையும் கிடையாது. குத்தித் துளைக்க வேண்டிய பொருள் எதையும் நான் இத்தனை ஆண்டில் சந்திக்கவில்லை.

ஆகவே அலகின் முனை மொட்டையாக இருக்க வேண்டும். இதற்கென்றே பழைய வடிவம் ஒன்று உண்டு. வெட்டும் விளிம்பு நேர்கோடாகப் போகும். முதுகுப் பக்கம் முனையருகே வளைந்து இறங்கி விளிம்போடு சேரும். ஆங்கிலத்தில் இதை ஆட்டுக்கால் அலகு என்பார்கள். கப்பல்காரர்கள் கயிறு அறுக்க வெகு காலமாகப் பயன்படுத்தும் வடிவம் இது. அலை ஆட்டும்போது தன்னையோ பக்கத்து ஆளையோ குத்திவிடக் கூடாதல்லவா, அதுதான் காரணம். வெள்ளத்தில் காற்றடைத்த படகில் ஏறினால் இதன் அருமை இன்னும் நன்றாகப் புரியும். நீளம் ஏழு முதல் எட்டரை சென்டிமீட்டர் போதும். சீட் பெல்ட் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் அகலம்தான். அதற்கு மேல் நீளம் இருந்தால் அது காருக்குள் அடுத்தவர் முகத்துக்கு நேரே நிற்கும்.

இப்போது கொஞ்சம் ஏமாற்றமான செய்தி. நீங்கள் கேட்ட கத்தி உங்கள் பையில் மூன்றாவது இடத்தில்தான் இருக்க வேண்டும். முதல் இடம் ஆம்புலன்ஸ்காரர்கள் இடுப்பில் செருகியிருக்கும் அந்த வளைந்த கத்தரிக்கு. அதன் கீழ் அலகின் நுனியில் தட்டையான சப்பை ஒன்று இருக்கும்; தோலோடு ஒட்டி ஓட்டினாலும் கீறாது. சட்டை, ஜீன்ஸ், செருப்பு வார், கொஞ்சம் சிரமப்பட்டால் சீட் பெல்ட் வரை வெட்டும். சாதாரணமானது இருபது வெள்ளிக்குக் கீழேயே கிடைக்கிறது. இரண்டாம் இடம் கொக்கி வடிவ பெல்ட் அறுப்பானுக்கு. இதில் கூர் உள்வளைவுக்குள் மறைந்திருக்கும். வார் நுழையும், விரல் நுழையாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பத்தில் எட்டு வேலையை முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. மீதி இரண்டுக்குத்தான் கத்தி: நனைந்த தடித்த கயிறு, லோரி தார்ப்பாயைக் கட்டிய வார், படுதா, கொடி செடி, சிக்கிய மீன்வலை. கத்தரியின் வாய்க்குள் அடங்காதவை இவை.

துணி விஷயத்தில் கத்தரிதான் என்று அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் ஊர்களில் திருவிழா நாளில் மோட்டார் சைக்கிளின் பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்து வரும் பெண்களின் முந்தானையோ துப்பட்டாவோ பின்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும் விபத்தை நீங்கள் கட்டாயம் பார்ப்பீர்கள். துணி கயிறாக முறுக்கிக் கழுத்தை இறுக்கியிருக்கும். அந்த இடத்தில் கத்தியைக் கழுத்துப் பக்கம் கொண்டு போகிறவரைக் கண்டால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும். முதலில் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். பிறகு சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும்; பாதி நேரம் அதிலேயே துணி தளர்ந்துவிடும். தளராவிட்டால் சக்கரத்துக்கு அருகில், கழுத்திலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, கத்தரியால் வெட்ட வேண்டும்.

சரி, கத்திக்கு வருவோம். விளிம்பு சாதாரணமாக வழவழப்பாக இருக்க வேண்டுமா, ரம்பப்பல் போல இருக்க வேண்டுமா என்பதில் அனுபவசாலிகளிடமே சண்டை உண்டு. நிச்சயமானதை முதலில் சொல்கிறேன். நார் உள்ள பொருள்களை, அதாவது கயிறு, நைலான், சீட் பெல்ட் ஆகியவற்றை, பல் விளிம்பு வேகமாக அறுக்கும். கூர் கொஞ்சம் மழுங்கிய பிறகும் அறுக்கும். பழைய பெல்ட் துண்டை மேசை இடுக்கியில் மாட்டி, தண்ணீர் ஊற்றி, மாற்றி மாற்றி அறுத்துப் பார்த்திருக்கிறேன். சாணை பிடித்து ஒரு மாதமான வழவழப்பு அலகு, தளர்ந்து தொங்கும் பெல்ட்டின்மேல் வழுக்கிக்கொண்டே போனது. பல் அலகு முதல் இழுப்பிலேயே கவ்வியது. ஆனால் பெல்ட்டை ஒரு கையால் விறைப்பாக இழுத்துப் பிடித்து, நேர்குறுக்காக வைக்காமல் சாய்வாக அறுத்தபோது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விறைப்பும் சாய்வும் கத்தியைவிட அதிக வேலை செய்தன. ஆக, வாக்குவாதத்துக்கு உரியது எது என்றால், முழுப்பல்லா, பாதிப்பல்லா என்பதுதான். பாதி வழவழப்பு, பாதி பல் என்று விற்கும் கத்தியைப் பலர் புகழ்கிறார்கள். எட்டு சென்டிமீட்டர் அலகில் இரண்டையும் அடைத்தால் இரண்டுமே போதாமல் போகிறது என்பது என் அபிப்பிராயம். மீட்புப் பைக்கு முழுப்பல் கத்தியே போதும். தோட்டத்தில் தினசரி வேலைக்கும் அதே கத்திதான் என்றால் வழவழப்பான அலகை எடுத்துக்கொள்ளுங்கள்; பல்லுக்குச் சாணை பிடிக்கக் கூம்பு வடிவக் குச்சிச் சாணை தனியாக வேண்டும், அதற்குப் பொறுமையும் வேண்டும்.

பூட்டு இல்லாத பேனாக்கத்தி இந்த வேலைக்கு ஆகாது. அழுத்தம் மாறும்போது அலகு மடங்கி விரலில் விழும். பூட்டுகளில் பல வகை உண்டு. முதுகில் அழுத்தித் திறக்கும் பழைய முறை, பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு அலகின் அடியில் வந்து முட்டுக்கொடுக்கும் முறை, பிடியின் இரு பக்கமும் நீட்டியிருக்கும் குறுக்குக் கம்பியை இழுத்து விடும் முறை ஆகியவை அதிகம் புழங்குபவை. நன்றாகச் செய்யப்பட்டிருந்தால் மூன்றும் தாங்கும். கடையில் நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான்: அலகைத் திறந்து பூட்டியபின் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. முதுகை மரப்பலகையில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள், பூட்டு நழுவக் கூடாது. தகட்டுப் பூட்டை மூட வேண்டுமென்றால் கட்டைவிரலை அலகு விழும் பாதையிலேயே வைக்க வேண்டும். ரத்தமும் மழையும் கலந்த கையுறையோடு அதைச் செய்ய எனக்குப் பிடிப்பதில்லை. அதனால் முதுகுப் பூட்டு அல்லது குறுக்குக் கம்பிப் பூட்டு என் தேர்வு.

ஒரு கையால் திறக்க முடிய வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றக் கை ஆளைப் பிடித்திருக்கும், அல்லது டார்ச்சைப் பிடித்திருக்கும். அலகில் பெரிய துளை இருக்கும் வகையில் கையுறைக் கட்டைவிரல் நன்றாகப் பொருந்துகிறது. சின்னக் குமிழ் இருக்கும் வகையில் வழுக்குகிறது. இந்த வட்டத் துளையைப் பரப்பியது அமெரிக்காவின் ஸ்பைடர்கோ. 1981இல் வெளிவந்த அதன் முதல் மடக்குக் கத்தியிலேயே துளையும், பாக்கெட்டில் மாட்டும் கிளிப்பும் இருந்தன. வில் (ஸ்பிரிங்) உதவியோடு திறக்கும் வகை வேகமாகத் திறக்கும், உண்மைதான். ஆனால் நெரிசலான காருக்குள் அலகு தன் வேகத்தில் பாய்வதைவிட என் கட்டைவிரல் வேகத்தில் வருவதே எனக்கு நிம்மதி. பொத்தானை அழுத்தினால் குதிக்கும் வகையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இரும்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊருக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: துருப்பிடிக்குமா? பெய்யும் மழை, வியர்வை, உரத்தூள், பால்மரத் தோட்டமென்றால் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம், எல்லாம் சேர்ந்து கத்தியைத் தின்றுவிடும். மோட்டார் கூடையில் ஒரு மழைக்காலம் கிடந்த என் கத்தி ஒன்று, அலகு பளபளவென்று இருக்க, சுழலும் ஆணி மட்டும் துருவேறித் திறக்கவே மறுத்தது. பத்தரை சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருந்தால் துருப்பிடிக்காத எஃகு என்பது பொதுக்கணக்கு. ஆனால் டீ2 என்னும் எஃகில் 12 சதவீத அளவில் குரோமியம் இருந்தும் அதில் பெரும்பங்கு கார்பனோடு சேர்ந்து கார்பைடாகக் கட்டுண்டுவிடுவதால் நம் ஈரத்தில் புள்ளி விழும். கூர் நன்றாக நிற்கும் என்று விற்பனையாளர் புகழ்வார். நிற்கும்தான், ஆனால் துடைக்காமல் விட்டால் துருவேறிவிடும். எச்1 என்னும் ஜப்பானிய எஃகில் கார்பனுக்குப் பதிலாகப் பெரும்பாலும் நைட்ரஜன் சேர்ப்பதால் கடல்நீரிலும் துருப்பிடிப்பதில்லை. வழவழப்பு விளிம்பில் கூர் சீக்கிரம் போகும், பல் விளிம்பில் அந்தக் குறை அவ்வளவு தெரியாது. அவ்வளவு விலை கொடுக்க முடியாதென்றால் சாதாரணத் துருப்பிடிக்காத எஃகே போதும். உளியைத் தினமும் சாணை பிடித்து வளர்ந்த வீடுகளில் பிறந்த நமக்கு மலிவான எஃகைக் கூராக வைத்திருக்கவா தெரியாது?

கண்ணாடி உடைக்கும் முனையைப் பற்றித்தான் அதிகத் தவறான நம்பிக்கை இருக்கிறது. காரின் பக்கக் கண்ணாடி பொதுவாகச் சூட்டில் பதப்படுத்தியது. ஒரு புள்ளியில் கடினமான முனை தாக்கினால் முழுவதும் சின்னச் சின்னத் துண்டாக உதிர்ந்துவிடும். நடுவில் அடிக்காமல் மூலையருகே அடிக்க வேண்டும். அடிபட்டவருக்கு மிக அருகில் உள்ள கண்ணாடியை விட்டுவிட்டு வேறொன்றை உடைக்க வேண்டும். முன்கண்ணாடி அப்படி உதிராது. அது இரண்டு தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. விரிசல் விடும், விழாது. அதை ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும். புதிய கார்கள் பலவற்றில் பக்கக் கண்ணாடியும் இப்படி ஒட்டுக் கண்ணாடியாகவே வருகிறது. அமெரிக்காவின் டிரிபிள் ஏ மோட்டார் சங்கம் 2019இல் ஆறு கருவிகளைச் சோதித்தது. பதப்படுத்திய கண்ணாடியை நான்கு கருவிகள் உடைத்தன. ஒட்டுக் கண்ணாடியை ஒன்றுகூட ஊடுருவவில்லை. ஆகவே உங்கள் வீட்டுக் கார், குழுவின் வண்டி இரண்டிலும் எந்த வகைக் கண்ணாடி என்று தெரிந்துகொள்ள, கண்ணாடி மூலையில் பொறித்திருக்கும் எழுத்தை இன்றே படித்துப் பாருங்கள். கத்திப் பிடியின் அடியில் இருக்கும் முனையால் ஓங்கி அடிப்பதைவிட, அழுத்தினால் உள்ளே வில் பாய்ந்து அடிக்கும் பேனா போன்ற கருவி மேல். தண்ணீருக்குள் கையை வீச முடியாது, அழுத்த முடியும். இருக்கையின் தலைச்சாய்மானத்தைப் பிடுங்கி அதன் கம்பியால் கண்ணாடியை உடைக்கலாம் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். பழைய இரும்புக் கடையில் கிடந்த கதவு ஒன்றில் செய்து பார்த்தேன். பல தடவை முயன்ற பிறகே உடைந்தது. வேறு வழியே இல்லையென்றால் செய்யலாம், அவ்வளவுதான்.

கத்தி கையில் இருப்பதாலேயே செய்துவிடத் தோன்றும் காரியங்கள் சில உண்டு. பாம்புக் கடியைக் கீறிவிடுவது அதில் முதலாவது. கெடா, பெர்லிஸ் பக்கத்துத் தோட்டங்களில் குழிவிரியன் கடி சாதாரணம். அதன் நஞ்சு ரத்தம் உறைவதைக் கெடுக்கிறது. அங்கே கத்தியை வைத்தால் நிற்காத ரத்தப்போக்குக்கு நீங்களே வாசல் திறக்கிறீர்கள். கீறவும் கூடாது, உறிஞ்சவும் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். உடம்பில் குத்தி நிற்கும் கம்பியையோ செம்பனை முள்ளையோ தோண்டி எடுக்கவும் கூடாது. காருக்குள் விரியாமல் இருக்கும் காற்றுப்பைகளின் வாயுக்குப்பிகள் தூண்களிலும் கூரை விளிம்பிலும் ஒளிந்திருக்கும். பெல்ட்டை விசையோடு இறுக்கும் சிறு வெடிமருந்துக் கருவி, பெல்ட் சுருளும் இடத்திலோ கொளுக்கி அடியிலோ இருக்கும். ஆகவே தூணின் உறைக்குள் கத்தியை நுழைக்காதீர்கள். வெளியே தெரியும் வாரைத் தோளுக்கு மேலே ஒரு வெட்டு, இடுப்புப் பக்கத்தில் ஒரு வெட்டு, அவ்வளவே. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற உறை போட்ட கம்பி கண்ணில் பட்டால் அது உயர் மின்னழுத்தக் கம்பி. பக்கத்தில்கூடக் கத்தி போகக் கூடாது.

இனிக் கம்பெனிப் பெயர்கள். விக்டோரினாக்ஸின் ரெஸ்கியூடூல் இந்த வேலைக்கென்றே உருவானது. ஒரு கையால் திறக்கும் அலகு, பெல்ட் அறுப்பான், கண்ணாடி உடைக்கும் முனை, முன்கண்ணாடியை அறுக்கும் ரம்பம், இருட்டில் ஒளிரும் மஞ்சள் பிடி எல்லாம் அதில் இருக்கின்றன; உடைக்கும் முனையும் ரம்பமும் தேய்ந்தால் மாற்றவும் முடியும். ஸ்பைடர்கோவின் ரெஸ்கியூ வகை நான் மேலே சொன்ன மொட்டை முனை முழுப்பல் அலகேதான். பெஞ்ச்மேட் கம்பெனியின் டிரையாஜ் என்பதில் மொட்டை முனை அலகோடு மடக்கு அறுப்பானும் உண்டு. மூன்றுமே நல்லவை; மூன்றுமே உங்கள் 200 வெள்ளிக்கு அடங்காது. பிரான்சின் ஒப்பினல் மலிவு. 1955இலிருந்து வரும் அதன் வளையப் பூட்டை நம்பலாம். ஆனால் சாதாரண வகையின் மரப்பிடி நம் மழையில் வீங்கி அலகைக் கவ்விக்கொள்ளும். ஒரு கையாலும் எளிதில் திறக்க வராது. பழம் நறுக்க வைத்துக்கொள்ளுங்கள். இரவுச் சந்தையில் பளபளவென்று மூன்று வேலை செய்வதாகக் காட்டும் 'மீட்புக் கத்தி' ஒன்றை நானும் வாங்கினேன். கண்ணாடி உடைக்கும் முனை பசையில் ஒட்டியது போலும், மூன்றாவது அடியில் கழன்று எங்கேயோ பறந்துவிட்டது. இன்னும் கிடைக்கவில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பணத்தை இப்படிப் பிரிப்பேன். நல்ல கத்தரி, கொக்கி அறுப்பான், வில் முனைக் கருவி, இரண்டு ஜோடி ரப்பர் கையுறை, தலையில் மாட்டும் டார்ச் இவற்றை முதலில் வாங்கிவிடுவேன். மிச்சப் பணத்தில், முதுகுப் பூட்டு உள்ள, மொட்டை முனையுள்ள, துருப்பிடிக்காத, பெயர் தெரிந்த கம்பெனி ஒன்றின் கத்தியை நேரில் கடையில் திறந்து மூடிப் பார்த்து எடுப்பேன். மொட்டை முனை கிடைக்கவில்லையென்றால் சாதாரணக் கத்தியையே வாங்கி, சாணைக்கல்லில் முனையை உருட்டிவிடலாம். அலகு சூடேறிப் பதம் கெடாமல் அடிக்கடி தண்ணீரில் முக்கிக்கொண்டு தேய்க்க வேண்டும். பிடி கறுப்பு வேண்டாம். புல்லில் விழுந்தால் தேடியே மாளாது.

போலீஸ் விஷயம் விளையாட்டு அல்ல. மலேசியாவில் 1958ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள், வெடிபொருள், ஆபத்தான ஆயுதங்கள் சட்டம் என்று ஒன்று உண்டு. அதன் 6ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் சட்டப்படியான அதிகாரமோ சட்டத்துக்குட்பட்ட நோக்கமோ இல்லாமல் ஆபத்தான ஆயுதம் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. ஆயுதமாகப் பயன்படுத்தினால் காயம் உண்டாக்கக்கூடிய எந்தக் கருவியும் அந்த வலைக்குள் வரும். மடக்குக் கத்தி என்பதற்காக விலக்கு கிடையாது. எல்லாம் அந்த 'நோக்கம்' என்ற சொல்லில்தான் நிற்கிறது. கத்தி, கத்தரியோடும் கட்டுத்துணியோடும் முதலுதவிப் பைக்குள் வண்டியில் இருந்தால் அதன் நோக்கம் தானே பேசும். அதே கத்தி இரவு பதினொரு மணிக்கு ஒட்டுக்கடையில் உங்கள் கால்சட்டைப் பையில் கிளிப் தெரிய மாட்டியிருந்தால் பேசாது. குழுவின் அடையாள அட்டையைப் பையிலேயே வையுங்கள். கத்தியைப் பயன்படுத்தலாம் என்று குழுத் தலைவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பணியில் இல்லாதபோது உடம்பில் மாட்டாதீர்கள். கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் போகும்போது அது வீட்டில் இருக்கட்டும். இது சட்டம் படித்தவரின் ஆலோசனை அல்ல, எச்சரிக்கையான கிழவனின் ஆலோசனை.

அதுவும் சுங்கை சிப்புட்டில், 'அவசரகாலக் கத்தி' என்று பெரியவர்கள் காதில் விழும்படி சொல்லாதீர்கள். 1948 ஜூன் 16ஆம் நாள் இங்கே தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதில் தொடங்கி 1960 வரை நீண்டது அவர்களுடைய அவசரகாலம், அதாவது கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேயர் அறிவித்த நெருக்கடி நிலை. கிளர்ச்சிக்காரர்களுக்குச் சோறு போகிறதா என்று முள்வேலி வாசலில் சோற்றுத் தூக்கையே திறந்து பார்த்த காலம் அது. கத்தியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம் என்று என் அப்பா சொல்வார்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது; பலர் இதைச் செய்வதில்லை. பழைய கார் உதிரிபாகக் கடையில் இரண்டு மீட்டர் சீட் பெல்ட் கேட்டு வாங்குங்கள். அதை ஒரு நாற்காலியில் கட்டி, அதற்கடியில் தோலுக்குப் பதிலாக ஒரு பழுத்த பப்பாளியை வைத்து, வாளித் தண்ணீரை ஊற்றி, கையுறை போட்டு, விளக்கை அணைத்துவிட்டு ஒரு கையால் அறுத்துப் பாருங்கள். பிறகு விளக்கைப் போட்டுப் பப்பாளியைப் பாருங்கள். என் முதல் பப்பாளியில் நான்கு கீறல் இருந்தது. கீறலே இல்லாமல் தொடர்ந்து ஐந்து பப்பாளி வந்தபிறகு கத்தியைப் பையில் போடுங்கள். ஆறாவதை வீட்டில் எல்லோரும் சாப்பிடலாம்.